சேவை வடிவமைப்பில் முதுமைப் பாகுபாடு

சேவை வடிவமைப்பில் முதுமைப் பாகுபாடு என்பது, முதியோர் பயன்படுத்தும் கருவிகள், கட்டடங்கள், அலுவலக நடைமுறைகள், மென்பொருள்கள் முதலியவற்றை உருவாக்குவோர், முதுமை பற்றித் தாம் முன்னரே கொண்டுள்ள கருத்துக்களை அறிந்தோ அறியாமலோ அவற்றில் பதித்து விடுவதைக் குறிக்கும். இது பெரும்பாலும் இரு வகைகளில் வெளிப்படுகின்றது. ஒன்று, முதியோரைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாமை. மற்றொன்று, அவர்களை நோயும் தளர்ச்சியும் மட்டுமே உடையோராகக் கருதுதல். இரண்டாவது வகை அக்கறையின் வடிவில் வருவதால் அதனை இனங்காண்பது கடினம்.

சொல் தோற்றம்

முதுமைப் பாகுபாட்டைக் குறிக்கும் ஏஜிசம் என்னும் ஆங்கிலச் சொல்லை 1969 ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் உருவாக்கினார். வாசிங்டனின் செவி சேஸ் பகுதியில் முதியோருக்கான அரசுக் குடியிருப்பு அமைவதை அங்கு வாழ்ந்தோர் எதிர்த்தனர். இனப் பாகுபாட்டைப் போன்றே இதுவும் ஒரு பாகுபாடு என்று பட்லர் விளக்கினார். ஆக, இச்சொல்லே முதியோருக்கான ஒரு சேவை பற்றிய பூசலில் பிறந்ததாகும். பட்லர் பின்னர் அமெரிக்காவின் தேசிய முதுமையியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரானார்.

கணக்கில் வராத பயனர்

பட்ரீசியா மூர் 1970களின் இறுதியில் நியூயார்க்கில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் பணியாற்றிய இளம்பெண். மூட்டுவாதம் உள்ளவர்களும் திறக்கக்கூடிய குளிர்பதனப் பெட்டிக் கதவு பற்றி அவர் பேச்செடுத்தபோது, அத்தகையோருக்காக நாம் வடிவமைப்பதில்லை என்னும் பொருள்பட விடை கிடைத்ததாகப் பின்னர் அவர் கூறியுள்ளார். இதையடுத்து 1979 முதல் 1982 வரை, எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டியாக வேடமிட்டு, அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் உலாவினார். பார்வையை மங்கச் செய்யும் கண்ணாடி, காதடைப்பு, மூட்டுக்களை இறுக்கும் கட்டுக்கள் ஆகியவற்றை அணிந்திருந்தார். படிக்கட்டுக்களும் கதவுகளும் மட்டுமல்லாது, எதிரே நிற்பவர் நடந்துகொள்ளும் முறையும் மாறியதை அவர் பதிவு செய்தார்.

இணையம் பரவிய பின் இவ்வகைப் பாகுபாடு புதிய வடிவம் பெற்றது. ஸ்பெயினில் வங்கிக் கிளைகள் பல மூடப்பட்டு, எஞ்சியவற்றிலும் முகப்புச் சேவை நேரம் குறைக்கப்பட்டது. வாலென்சியா நகரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருத்துவரும் பார்க்கின்சன் நோய் உடையவருமான கார்லோஸ் சான் யுவான், தமது 78 ஆவது வயதில், "நான் முதியவன், முட்டாள் அல்லன்" என்னும் முழக்கத்துடன் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அவரது கோரிக்கையில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். 2022 பெப்ரவரியில் அந்நாட்டு வங்கித்துறை, காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை நேரடி முகப்புச் சேவை வழங்குதல் உள்ளிட்ட உறுதிமொழிகளை ஏற்றது. இம்முழக்கம் கவனிக்கத்தக்கது. புதிய முறையைக் கற்க இயலாதவர் என்ற முடிவைத்தான் அது மறுத்தது. உடல் மாற்றங்களை மறுக்கவில்லை.

உடல் மாற்றமும் முன்முடிவும்

வயது கூடும்போது கண்வில்லை மஞ்சளாகி நீல நிறச் சாயல்களைப் பிரித்தறிதல் கடினமாகின்றது. உயர் அதிர்வெண் ஒலிகள் முதலில் கேளாமற் போகின்றன. விரல் தோல் உலர்ந்து கைரேகை தேய்கின்றது. இவற்றை அறிந்து வடிவமைத்தல் பாகுபாடு ஆகாது. அறியாதது போல் வடிவமைப்பதே சிக்கல்.

இந்தியாவில் ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் மெய்ப்பிக்க வேண்டும். இதற்கென 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்னும் எண்ணிம உயிர்வாழ்வுச் சான்றிதழ் அறிமுகப்படுத்தப்பட்டது. கைரேகை அல்லது கருவிழி மூலம் அடையாளம் உறுதி செய்யப்பட்டது. ஆனால் ரேகை தேய்ந்திருக்க மிகுந்த வாய்ப்புள்ளவர்களே இதன் பயனர்கள். முகத்தைக் கொண்டு உறுதி செய்யும் வசதி 2021 நவம்பரில்தான் வந்தது. கருவி ரேகையைப் படிக்கத் தவறும்போது திரையில் தோன்றும் பிழைச்செய்தி, தவறு விரலுக்குரியவருடையது என்பது போல அமைந்துவிடுகின்றது.

கால வரம்பு மற்றொரு எடுத்துக்காட்டு. ஒரு படிவத்தை நிரப்பும் முன்பே அமர்வு முடிந்துவிட்டால், மெதுவாகத் தட்டச்சு செய்பவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2008 டிசம்பரில் வெளியான வலை உள்ளடக்க அணுகுதிறன் வழிகாட்டி 2.0, சில விதிவிலக்குகள் தவிர, கால வரம்பை நீக்கவோ மாற்றவோ நீட்டிக்கவோ பயனருக்கு வழி இருக்க வேண்டும் என்கின்றது. இது அதன் அடிப்படை நிலை விதிகளுள் ஒன்று; நிறைவேற்றச் சில வரி நிரல் போதும்.

அக்கறையாக வரும் பாகுபாடு

அமெரிக்காவின் ஹைன்ஸ் நிறுவனம் 1955 ஆம் ஆண்டில் முதியோருக்கென மென்மையான தகர உணவுகளை வெளியிட்டது. முதியோர் சிலர் குழந்தை உணவை வாங்குவதைக் கண்டதன் விளைவு இது. ஆனால் உணவு விற்கவில்லை. குழந்தை உணவைப் பேரக்குழந்தைக்கு என்று சொல்லி வாங்கலாம். முதியோர் உணவை அவ்வாறு வாங்க முடியாது.

இதைவிடக் கடுமையான விளைவு, கழுத்தில் அணியும் உதவி அழைப்புப் பொத்தானில் காணப்படுகின்றது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயதைக் கடந்தோரிடையே நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஓர் ஆய்வில், விழுந்து நெடுநேரம் தரையில் கிடந்தோருள் பெரும்பாலோர், அழைப்புக் கருவி இருந்தும் அதனைப் பயன்படுத்தவில்லை எனத் தெரிந்தது. பிறருக்குத் தொல்லை தர விரும்பாமை, தனித்து வாழும் உரிமை பறிபோகுமோ என்ற அச்சம் ஆகியவை இத்தகைய தயக்கத்துக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பொறியியல் நோக்கில் பழுதற்ற கருவி, அணிபவரின் மானத்தைக் கணக்கில் கொள்ளாததால் பயனற்றுப் போகின்றது.

இதற்கு மாறாக, 1990 இல் அமெரிக்காவில் வெளியான ஆக்சோ குட் கிரிப்ஸ் சமையற் கருவிகள், மூட்டுவாதத்தால் துன்புற்ற தம் மனைவியைக் கண்டு சாம் ஃபார்பர் உருவாக்கியவை. தடித்த, மென்மையான கைப்பிடி கொண்ட அவை முதியோருக்கானவை என்று விற்கப்படவில்லை. அனைவரும் வாங்கினர்.

எனினும் தனிப்பொருள் எல்லாமே பாகுபாடு எனக் கொள்ளல் பொருந்தாது. ஜப்பானில் புஜிட்சு 2001 முதல் தயாரித்த ராகுராகு கைபேசி வரிசையில், எதிர்முனையில் இருப்பவரின் பேச்சை மெதுவாக்கித் தரும் வசதியும் இடம்பெற்றது. அவ்வரிசை பல ஆண்டுகள் விற்பனையில் நீடித்தது.

தரவும் சோதனையும்

பல கணக்கெடுப்புக்களில் 65 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் ஒரே பிரிவில் அடக்கப்படுகின்றனர். 20 வயதினரையும் 45 வயதினரையும் எவரும் ஒரே பிரிவாக்குவதில்லை. 65 உக்கும் 90 உக்கும் உள்ள இடைவெளியும் அதே 25 ஆண்டுகள்தான்.

வடிவமைப்பாளர்கள் முதுமையை உணர்வதற்கெனச் சிறப்பு உடைகள் உள்ளன. மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஏஜ்லேப் உருவாக்கிய ஆக்னஸ் உடை அவற்றுள் பெயர் பெற்றது. இத்தகைய உடைகள் தளர்ச்சியை ஒரே நொடியில் தருகின்றன என்பதும், முதியவர் பல ஆண்டுகளில் பழகிக்கொண்ட ஈடுகட்டும் வழிகளைத் தருவதில்லை என்பதும் அவற்றின் மீதான விமர்சனம்.

நேரில் கேட்பதே மாற்று வழி. உலக சுகாதார அமைப்பு 2007 இல் வெளியிட்ட முதியோர்க்கு உகந்த நகரங்கள் வழிகாட்டி, புது தில்லி, உதயப்பூர் உட்பட 33 நகரங்களில் முதியோரைக் குழுக்களாக அமர்த்திக் கேட்டு உருவாக்கப்பட்டது. அவர்கள் கூறியவற்றுள் புதுக் கருவிகளை விட அன்றாடச் செய்திகளே மிகுதி: நடைபாதையில் அமர இருக்கை, தூய கழிப்பறை, பயணி அமரும் வரை பேருந்தை எடுக்காத ஓட்டுநர்.