எரியாத பொருளும் தீத்தாங்கும் கட்டடமும்

கட்டட மதிப்பீடுகளைப் பரிசீலிக்கும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இரண்டு சொற்களைப் பிரித்தறிந்து கொள்வது அவசியம். ஒன்று 'எரியாப் பொருள்'. மற்றொன்று 'தீத்தாங்கு நேரம்'. முன்னது பொருளின் குணம். பின்னதோ, சுவர், தூண், தளம் போன்ற ஒரு பகுதி தீயின் நடுவே சாயாமலும், பிளந்து சுவாலையை வெளியே விடாமலும், மறுபுறத்துக்குக் கடும் உஷ்ணத்தைக் கடத்தாமலும் எவ்வளவு நேரம் நிற்கும் என்ற கணக்கு. இரண்டையும் ஒன்றென எண்ணுவதால் விளையும் கேடு சிறிதன்று.

இரும்பை எடுத்துக்கொள்வோம். அது எரியாது; ஆயினும் சுமார் 550 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் தன் பலத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்து வளைந்துவிடும். கல்நார்த் தகடும் எரியாததே. ஆனால் அனலில் வெடித்துச் சிதறும். எரியக்கூடிய கனத்த மர உத்திரமோ, மேற்புறக் கரியே உள்மரத்துக்குப் போர்வையாக அமைவதால், நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே கருகிச் செல்லும். காப்பில்லாத இரும்பு விட்டத்தைக் காட்டிலும் அது அதிக நேரம் நிற்பதுண்டு!

கான்கிரீட்டினுள் கம்பி பிழைத்திருப்பது அதை மூடிய கலவையின் தயவால்தான். கம்பி வெளியே தெரியும்படி வார்த்த தளத்தை ஏற்கலாகாது. 1 மணி நேரம் தீத்தாங்க 95 மில்லிமீட்டர் கனமும், 2 மணி நேரத்துக்கு 125 மில்லிமீட்டர் கனமும் தளத்துக்கு வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் 456 கூறுகிறது.

கூரை விஷயம் இவற்றினும் முக்கியமானது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் தோன்றிய தீ, மாடி வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவிற்று. எரிந்த கூரை குழந்தைகள் மீது சரிந்தது. அவ்விபத்தில் 94 குழந்தைகள் மாண்டனர். சுவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. சத்துணவுக் கூடத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது இதை மறத்தலாகாது.

வரிசை வீடுகளில் பொதுச்சுவர் கூரையின் அடியோடு நின்றுவிட்டால், தீ அதன் தலைமேல் ஏறி அடுத்த வீட்டை அடையும். கூரைக்கு மேலும் எழும்பி நின்றால்தான் அதனைத் தீப்பிரிப்புச் சுவர் என்னலாம். கீற்றை உடனே மாற்ற வசதியில்லாதோருக்கென, மழையில் கரையாத தார்க்கலவை மண்பூச்சு ஒன்றை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்துள்ளது. தீப்பொறி சட்டெனப் பற்றாமல் அது காக்கும். மூண்டுவிட்ட பெருந்தீக்கு முன் அதனை நம்புவதற்கில்லை. மேற்புறம் மட்டும் பூசி, அடுப்பை நோக்கிய உட்புறத்தை விட்டுவிட்டால் அந்தப் பயனும் கிட்டாது.