நடுக்களத்தில் நின்ற மருத்துவர்



மாலை வேளையில் மாமல்லபுரத்துக் கடற்கரைக்குச் சென்றால், கரையேற்றிய படகுகளுக்கு அப்பால் மீனவச் சிறுவர் பந்தாடுவதைக் காணலாம். கழற்றி வைத்த செருப்புகளே அவர்களுக்கு இலக்குக் கம்பங்கள். ஆடும் கால்களோ வெறுங்கால்கள். அவர்களைக் காணுந்தோறும், பெரும்பாலும் வெறுங்காலுடனே இலண்டனில் ஆடிய ஓர் இந்திய அணியும், அதன் தலைவரும் என் நினைவுக்கு வருவர். அத்தலைவரின் பெயர் தாலிமெரன் ஆவோ.

இவர் 1918ஆம் ஆண்டில் நாகா மலைப் பகுதியிலுள்ள சாங்கி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமய போதகர். 1935இல் அவர் நச்சுக் காய்ச்சலால் மறைந்தார். தம் மகன் மருத்துவனாக வேண்டுமென்பதே அவர் விட்டுச் சென்ற விருப்பம். மகனுக்கோ பந்தின்மேல் தீராத பற்று. இரண்டில் ஒன்றை விடு என்றுதான் நாம் சொல்லியிருப்போம். அவர் இரண்டையும் விடவில்லை. கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் பயின்றுகொண்டே, புகழ்பெற்ற மோகன் பகான் சங்கத்திற்காகவும் ஆடினார்.

அவர் நின்ற இடம் நடுக்களம். அது யாதெனச் சிறிது விளக்குகிறேன். முன்னே நிற்பவர் கோல் போடுவார். பின்னே நிற்பவர் கோல் விழாமற் காப்பார். இடையில் நிற்பவரோ எதிரியின் பந்தை மறித்து, தம்மவருள் யாருக்கு அனுப்புவதெனக் கணத்தில் தெளிந்து, அனுப்பிவிட்டு, மீண்டும் தம் இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஓட்டத்தினும் இங்கு வேண்டுவது கவனம். கைதட்டலோ குறைவு. பள்ளியில் ஆசிரியர் பணியும் ஏறக்குறைய இத்தகையதே!

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் விடுதலை பெற்ற இந்தியாவின் கொடியை ஏந்திச் சென்றவர் இவரே. ஜூலை 31ஆம் நாள் இந்தியா பிரான்சை எதிர்த்து ஆடியது. சாரங்கபாணி ராமன் அடித்த கோலால் ஆட்டம் சமநிலைக்கு வந்தது. ஆயினும் கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. இறுதி நேரத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என வென்றது. வெறுங்காலாட்டத்தைப் பற்றி வினவியவர்களிடம், இது காலால் ஆடும் பந்தேயன்றிப் பூட்டால் ஆடும் பந்தன்று என்ற பொருள்பட அவர் நகைச்சுவையாக விடையளித்ததாகக் கூறுவர்.

பின்னர் அவர் ஆட்டத்தை விட்டு, மருத்துவப் பட்டம் பெற்று, தம் மக்களிடையே திரும்பினார். கோஹிமாவில் பணியாற்றி, நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்தார். 1998இல் மறைந்தார்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் மாணவன் ஒருவன் நடுக்களத்தில் அழகாக ஆடுவான். அவன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது தந்தையார் வந்து, "ஐயா, இவன் டாக்டராக வேண்டியவன், பந்தைத் தொட விடாதீர்கள்" என்றார். நானும் இசைந்து, அவனை அணியிலிருந்து நீக்கினேன். அவனுடைய மதிப்பெண் உயரவில்லை. 1965இல் தோன்றிய மருத்துவக் கல்லூரி எங்கள் செங்கற்பட்டிலேயே இருந்தும், அவன் அதன் வாயிலை மாணவனாக மிதிக்கவில்லை. பல்லாண்டுகள் கழித்து இரயில் நிலையத்தில் என்னைக் கண்டு வணங்கினான். "பந்தாட்டம் பார்ப்பதுண்டா, தம்பி?" என்றேன். "இல்லை ஐயா, விட்டுவிட்டேன்" என்றான். அவனாக விடவில்லை; விடச் செய்தவன் நான்.

ஆடவிட்டிருந்தால் அவன் மருத்துவனாகியிருப்பான் என்று நான் கூறவில்லை. ஆனால், ஆட்டத்தைப் பறித்ததால் கல்வி வளரவில்லை என்பதைக் கண்ணாரக் கண்டேன். பெற்றோரே, ஆசிரியரே, மாலையில் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள். பந்து புத்தகத்துக்குப் பகையன்று.