எடைக்குப் போகும் 'டெக்' காலத்துப் படங்கள்! கடற்காற்றில் பூஞ்சை பிடிக்கும் வீடியோ கேசட்டுகள்

செங்கல்பட்டு—

பரண் மேல் கிடக்கும் பழைய வீடியோ கேசட்டுகளை எடைக்குப் போடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! அதில் இருப்பது இனி வேறெங்கும் எளிதில் கிடைக்காத படமாக இருக்கலாம்.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கங்களில் பழைய வீடுகளை இடிக்கும்போதும் ஒழிக்கும்போதும் இந்தக் கறுப்புப் பெட்டிகள் வெளியே வருவது உண்டு. காயலான் கடைக்காரருக்கு அது வெறும் பிளாஸ்டிக். பழைய படம் சேர்க்கிறவருக்கோ அது புதையல்! விவரம் வருமாறு:

விடிய விடிய மூணு படம்

1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டி தூர்தர்ஷன் கலருக்கு மாறியது. கலர் டி.வி.யோடு சேர்ந்து வீடியோ டெக்கும் பரவியது. சொந்தமாக டெக் வாங்க எல்லோராலும் முடியுமா? வாடகை டெக் வந்தது. கல்யாண வீடு, காதுகுத்து, கோவில் திருவிழா என்றால் ஒரு கலர் டி.வி., ஒரு டெக், மூணு கேசட். தெருவே பாய் போட்டு உட்கார்ந்துவிடும்.

சண்டைப் படம் பிள்ளைகளுக்கு. பெண்கள் கேட்டது குடும்பப் படம். மாமியார்-மருமகள் சண்டை, அண்ணன்-தங்கை பாசம், பிரிந்த கணவன் திரும்பி வருவது... முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்ப்பார்கள். "இன்னொரு தடவை போடுப்பா" என்ற குரலும் வரும்.

தியேட்டர்காரர்கள் சும்மா இருப்பார்களா? கூட்டம் குறைகிறது என்று குரல் எழுப்பினார்கள். வீடியோவில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. கேபிள் டி.வி.யும் வி.சி.டி.யும் வந்த பிறகு டெக் மூலையில் முடங்கியது.

ஓடாத படத்துக்குத்தான் மவுசு

'சம்சாரம் அது மின்சாரம்' (1986) மாதிரி பேர் வாங்கிய படத்துக்குக் கேசட் தேவையில்லை. டி.வி.யிலேயே எத்தனையோ முறை வந்துவிட்டது. ஒரு வாரம் ஓடித் தியேட்டரை விட்டுப் போன படங்களின் கதை வேறு. அவற்றில் பல, வி.சி.டி.யாகவோ டி.வி.டி.யாகவோ வரவே இல்லை. ஃபிலிம் சுருளும் கெட்டுப்போயிருந்தால் மிச்சம் அந்தக் கேசட் ஒன்றுதான்.

சேகரிப்பவர்கள் தேடி அலைவது இந்தப் படங்களைத்தான். படத்தின் அடியில் ஓடும் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை விளம்பரம்கூட இன்று ஊர்ச் சரித்திரம்!

படம் காணாமல் போவது கட்டுக்கதை அல்ல. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. பழைய படங்களைக் காக்கப் புனேயில் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-ல்தான் பிறந்தது. 2003 ஜனவரியில் அங்கு ஏற்பட்ட தீயில் பழைய நைட்ரேட் ஃபிலிம்கள் ஏராளமாகக் கருகின.

வெள்ளிக்கிழமைச் சந்தை

கடற்கரை ஊர்களில் ஒழிக்கும் பழைய சாமான் எங்கே போகிறது? ஒரு பகுதி உள்ளூர் காயலான் கடைக்கு. இன்னொரு பகுதி கைமாறிக் கைமாறிச் சந்தைக்கு. செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினால் சென்னை போகும் வழியிலேயே பல்லாவரம் வருகிறது. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனபோது பல்லாவரமும் இதில் சேர்ந்தது. அங்கே வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை பழைய சாமானுக்குப் பேர்போனது. ரேடியோ, கேமரா, கிராமபோன் தட்டுகளுக்கு நடுவே வீடியோ கேசட்டும் தலைகாட்டும்.

"ஓடுமாண்ணே?" என்று கேட்டால் "ஓட்டிப் பாருங்க" என்பதுதான் பழைய சாமான் வியாபாரத்தின் பதில். ஓட்டிப் பார்க்க டெக் வேண்டுமே! அங்கேதான் சிக்கல். வி.எச்.எஸ். முறையை ஜப்பானின் ஜே.வி.சி. கம்பெனி 1976-ல் கொண்டுவந்தது. உலகில் கடைசிவரை இந்த டெக்கைத் தயாரித்த ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. பழைய டெக்கைப் பிரித்து உதிரிபாகம் எடுத்து இன்னொரு பழைய டெக்கை ஓட்டுவதுதான் இப்போது ஒரே வழி.

உப்புக்காற்று எமன்

180 நிமிட கேசட்டுக்குள் அரை அங்குல அகலத்தில் சுமார் 250 மீட்டர் நாடா இருக்கிறது. அதன் மேல் பூசிய காந்தத் தூளில்தான் படம் உட்கார்ந்திருக்கிறது. நன்றாக வைத்துக்கொண்டால் 20, 30 வருஷம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. 1985 கேசட்டுக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது!

கடலோர ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். ஈரக்காற்றில் நாடாவின் ஓரம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். உப்பு படிந்தால் டெக்கின் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும். போதாக்குறைக்கு 2004 டிசம்பர் 26-ல் சுனாமி இந்தக் கரையையும் தாக்கியது. 2022 டிசம்பர் 9-ம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது.

கேசட் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது. பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும்.

கேசட்டின் முதுகுப் பக்கத்தில் சின்ன பிளாஸ்டிக் தக்கை இருந்தால் உடைத்துவிடுங்கள். தவறுதலாக மேலே வேறு பதிவாகாது.

முழுக்கச் சுற்றி, புத்தகம் மாதிரி நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம். அதில் காந்தம் உண்டு.

ஓடும் நிலையில் இருந்தால் காத்திருக்காமல் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதே நல்லது.

விற்றால் கம்பியா?

இங்கே சட்டமும் தெரிய வேண்டும். கேசட் உங்களுடையது. அதில் உள்ள படம் உங்களுடையது அல்ல! ஒருமுறை விற்ற பிரதியாக இருந்தாலும் அதை மறுபடி விற்கும் உரிமை படத்தின் உரிமையாளருக்கே என்ற வாசகம் காப்புரிமைச் சட்டத்தில் முன்பு இருந்தது. 2012 திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. ஆனால், அனுமதி இல்லாமல் நகல் எடுத்து விற்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. தமிழ்நாட்டில் 2004-ல் குண்டர் சட்டத்திலேயே வீடியோ திருட்டு சேர்க்கப்பட்டது.

அசல் கேசட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? 1984-ல் வந்த திருத்தப்படி, தணிக்கைச் சான்றிதழ் விவரமும் தயாரித்தவரின் பெயர், விலாசமும் கேசட்டின் மேலேயே இருக்க வேண்டும். வெற்று அட்டையில் பேனாவால் பெயர் எழுதியிருந்தால் அது திருட்டு நகலாக இருக்கலாம்.

படம் வெளியாகி, மறு ஆண்டு தொடங்கி 60 வருஷம் ஆனால் படத்தின் உரிமை தீர்ந்துவிடும். 1960-ல் வந்த படத்துக்கு 2020 முடிவோடு தீர்ந்தது. பாட்டுக்கும் கதைக்கும் தனி உரிமை இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

அமெரிக்காவில் எப்படி?

வெளிநாட்டில் இதைக் குப்பையாக நினைக்கவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகம் 2015-ல் சுமார் 2,700 பழைய வீடியோ கேசட்டுகளை வாங்கிச் சேர்த்தது. நியூயார்க்கில் மூடப்பட்ட 'கிம்ஸ் வீடியோ' கடையின் சுமார் 55,000 படங்கள் இத்தாலியின் சலேமி ஊருக்குக் கப்பலேறிப் போய், 2022-ல் நியூயார்க்குக்கே திரும்பி வந்தன.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்தில் படம் பார்த்து அலுத்த கேசட்டின் மேலேயே வீட்டுக் கல்யாணத்தையும் காதுகுத்தையும் பதிவு செய்தவர்கள் உண்டு. அட்டையில் சினிமா பெயர் இருக்கும். உள்ளே காலமான தாத்தா பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எடைக்குப் போட்ட பிறகு ஞாபகம் வந்தால், எந்தச் சந்தையில் போய்த் தேடுவது? போடுவதற்கு முன்பே ஒருதடவை பார்த்துவிடுங்கள்!