நாலரை நிமிடப் பாட்டை இரண்டேகால் நிமிடத்தில் பாடுவது

லண்டனில் வசிக்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் மகள் அங்கே ஏ-லெவலில் ஊடகவியல் படிக்கிறாள். அதன் செய்முறைப் பகுதிக்காக ஓர் இசைக்குழுவின் பாட்டுக்கு வீடியோ எடுக்க வேண்டுமாம். அந்தக் குழுவின் ஆல்பத்துக்கு உறை, விளம்பரம் எல்லாமும் செய்துகாட்ட வேண்டுமாம். ‘பாட்டுக்குப் படம் எடுப்பதெல்லாம் ஒரு படிப்பா?’ என்பது அப்பாவின் கேள்வி. கடிதத்தின் அடியில் மகள் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: ‘எதிலிருந்து தொடங்குவது?’

படிப்புதான். அதைப் பல ஆண்டுகளாகப் பாடமாக வைத்து, கறாராக மதிப்பெண்ணும் போட்டுவருகிறார்கள். ஓசிஆர் என்ற தேர்வு வாரியத்தின் முந்தைய பாடத்திட்டத்தில் இந்தச் செய்முறைக்கு 100 மதிப்பெண். எடுத்து முடித்த படைப்புக்கு 60, ஆராய்ச்சிக்கும் திட்டமிடலுக்கும் 20, செய்ததைத் தானே எடைபோட்டுப் பார்ப்பதற்கு 20. வீடியோவுடன் இணையதள முகப்பு, டிஜிபாக் உறை, பத்திரிகை விளம்பரம் என்ற மூன்றில் இரண்டைச் செய்து தர வேண்டும். பாடத்திட்டம் பிறகு மாறிவிட்டது. ஆனால் வீடியோவையும் அதைச் சுற்றியுள்ள விளம்பரத்தையும் ஒரே கையால் செய்யச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. டிஜிபாக் என்பது பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதிலாக வந்த மடிப்பு அட்டை உறை. குறுந்தகட்டைப் பொருத்துவதற்கு அட்டையின் உட்புறம் ஒரு பிளாஸ்டிக் தட்டு ஒட்டியிருக்கும்.

மகளின் கேள்விக்குத்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். கேமராவை வாடகைக்கு எடுப்பதும் இடம் பார்ப்பதும் அப்புறம். மற்ற படங்களில் எடுத்த காட்சிக்கு ஒலி சேர்ப்பார்கள். இங்கே ஒலி முன்பே முடிந்து, நிமிடம் நொடி உட்பட உறுதியாகிவிட்டது. படம் அந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டே நடக்க வேண்டும். தமிழ்ச் சினிமாவுக்கு இது நன்றாகப் பழகிய ஒழுங்கு. கோடம்பாக்கத்தில் பாட்டுக் காட்சி எடுத்தவர்கள் தளத்தில் ‘நாக்ரா’வில் பாட்டை ஓடவிட்டுத்தான் வாயசைக்க வைத்தார்கள். போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951-ல் செய்த ஒலிப்பதிவுக் கருவியின் வழிவந்தது அது. நாடா ஒரே சீரான வேகத்தில் ஓடும் என்று நம்பலாம். அந்த நம்பிக்கையின் மேல்தான் அத்தனை பாட்டுகளும் நின்றன.

படமெடுக்கத் தொடங்கிய எவருக்கும் நான் காட்ட விரும்பும் வீடியோ ஒன்று உண்டு. கோல்ட்ப்ளே குழுவின் ‘யெல்லோ’. 2000-ல் வந்தது. அந்த நால்வரும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் சந்தித்து, மாணவர்களாகவே குழுவைத் தொடங்கியவர்கள். 1998-ல் ‘சேஃப்டி’ என்ற முதல் தட்டைக் கைக்காசு போட்டு 500 பிரதிகள் மட்டும் அச்சிட்டார்கள். அவர்களின் கல்லூரித் தோழர் மேட் ஒயிட்குராஸ் அப்போதிருந்தே அவர்களைப் படம்பிடித்துவந்தார். அந்த மாணவப் பருவக் காட்சிகள் 2018-ல் அவர் இயக்கிய ஆவணப்படத்தில் இடம்பெற்றன.

‘யெல்லோ’ வீடியோவில் இருப்பது இவ்வளவுதான். இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்து ஸ்டட்லண்ட் பே கடற்கரை. பாடகர் கிறிஸ் மார்ட்டின் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, நனைந்த தலையோடு மணலில் நடந்து வருகிறார், பாடுகிறார். கேமரா அவருக்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே போகிறது. இடையில் ஒரு வெட்டுகூட இல்லை. முதலில் போட்ட திட்டம் இது இல்லை. வெயிலும் முழுக் குழுவும் அதில் இருந்தன. படப்பிடிப்பு நாளில் வானிலை மோசமாகிவிட்டது. டிரம்ஸ் வாசிப்பவரின் தாயாருக்கு அன்றுதான் இறுதிச் சடங்கு. மிஞ்சியது ஒரு மனிதர், ஒரு கடற்கரை, ஒரு பாட்டு. பாட்டு உறுதியாக இருந்ததால் மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க முடிந்தது.

இதில் என்னை மயக்குவது உதடுதான். வீடியோ முழுவதும் மெதுவான ஓட்டத்தில் இருக்கிறது. அலை சோம்பலாக மடிகிறது, கோட்டு காற்றில் நிதானமாகப் புடைத்து அடங்குகிறது. ஆனால் உதடு மட்டும் பாட்டோடு அப்படியே பொருந்துகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒன்று இயல்பு மீறி இருப்பது மனத்துக்குத் தெரிகிறது. அது எது என்று கண்ணால் சட்டென்று சொல்ல முடிவதில்லை.

செய்த விதம் இது. இங்கிலாந்தில் தொலைக்காட்சி ஓடும் வேகம் நொடிக்கு 25 ஃபிரேம், நம் ஊரைப் போலவே. நொடிக்கு 50 ஃபிரேம் என்று எடுத்து, 25 என்று ஓட்டினால், ஒரு நொடியில் நடந்தது திரையில் இரண்டு நொடி எடுத்துக்கொள்ளும். மார்ட்டின் சாதாரண வேகத்தில் பாடியிருந்தால் உதடும் சேர்ந்து மெதுவாகியிருக்கும். ஆகவே கடற்கரையில் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டார்கள். நாலரை நிமிடப் பாட்டு இரண்டேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். அவர் அந்த வேகத்துக்கே வாயசைத்தார். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்ததும் உதடு தன் இயல்பான வேகத்துக்கு வந்து சேர்ந்தது. பாட்டின் பேச்சைக் கேட்காத அலையும் காற்றும் மழையும் பாதி வேகத்தில் நின்றுவிட்டன.

சிறு வயதில் பாட்டு வகுப்பில் வரிசைகளை முதல் காலத்தில் பாடி முடித்ததும் டீச்சர் இரண்டாம் காலம் என்பார். கையின் தாளம் அதே நிதானத்தில் போய்க்கொண்டிருக்க, வாய் மட்டும் இரு மடங்கு ஓட வேண்டும். கையும் வாயோடு சேர்ந்து ஓடிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. கடற்கரையில் நடந்தவருக்கும் இதே சோதனைதான். காதில் பாட்டு படபடவென்று ஓடும்போது காலும் அதன் பின்னால் ஓடத் துடிக்கும். கால் அதற்கு இணங்கிவிட்டால் நடையின் நிதானம் போய்விடும். வாய் இரண்டாம் காலத்தில் இருக்க, கால் முதல் காலத்திலேயே இருக்க வேண்டும். முகத்தில் அந்த அவசரத்தின் நிழல்கூட விழக் கூடாது.

நாடாவை இரட்டை வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறிவிடும், ஆண் குரல் கீச்சென்று கேட்கும். இன்றைய மென்பொருள்கள் சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் கூட்டித் தருகின்றன. எப்படிச் செய்தாலும் சரி. தளத்தில் கேட்கும் ஒலி எடிட்டிங்கில் போய்விடும், உதட்டுக்கு வேண்டியது நேரம் மட்டுமே. இதைச் செய்துபார்க்க விலையுயர்ந்த கேமராவும் வேண்டாம். நொடிக்கு 50 அல்லது 60 ஃபிரேம் எடுக்கும் வசதி இன்று பல கைபேசிகளில் இருக்கிறது. 60-ல் எடுத்து 25-ல் ஓட்டுவதானால் பாட்டை 2.4 மடங்கு வேகத்தில் ஓடவிட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

பிசகு நுழையும் இடங்களைத்தான் கவனிக்க வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒலிபெருக்கியைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பாடுபவரை 17 மீட்டர் தள்ளி நிறுத்தினால், பாட்டு அவர் காதுக்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதமாகப் போய்ச் சேரும். சாதாரணப் படப்பிடிப்பில் அது ஒரு ஃபிரேமுக்குச் சற்று மேல். பாதி வேகத்தில் ஓட்டும்போது அந்தத் தாமதமும் இரு மடங்காகி, பத்தில் ஒரு நொடி ஆகிவிடும். ஒலிபெருக்கி பாடுபவரின் காலடியில், படத்தில் தெரியாமல் இருக்கட்டும். புளூடூத் வேண்டாம், அதிலும் தாமதம் உண்டு. பாட்டுக்கு முன்னால் மூன்று ‘பீப்’ ஒலிகளைச் சேர்த்து ஒரே கோப்பாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டேக்குக்கும் அதையே ஓடவிட்டால் பாடுபவருக்கு எடுப்பு தவறாது, எடிட்டருக்கும் பொருத்துவது எளிது.

ஒத்திகையின்போது ப, ம வரும் இடங்களைப் பிரதியில் வட்டமிட்டு வைக்கலாம். இரண்டு உதடும் மூடித் திறக்கும் இடங்கள் அவை. பார்ப்பவரின் கண் பிசகைக் கண்டுபிடிப்பது அங்கேதான். வேற்றுமொழிப் படங்களுக்கு டப்பிங் வசனம் எழுதுகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

உதட்டைப் பாட்டோடு சேர்க்கும் இந்த வேலையை அதே குழு 2002-ல் இன்னும் தூரம் கொண்டுபோனது. ‘தி சயன்டிஸ்ட்’ வீடியோவில் கதை பின்னோக்கி ஓடுகிறது, பாடகரின் வாய் மட்டும் முன்னோக்கிப் பாடுகிறது. அதற்காக மார்ட்டின் முழுப் பாட்டையும் தலைகீழாகப் பாடக் கற்றுக்கொண்டார். ஒரு மாதம் பிடித்ததாம்.

இன்று மாணவர்கள் எடுக்கும் வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ட்ரோன் பறக்கிறது, வண்ணத்தை என்னென்னவோ செய்திருக்கிறார்கள், நொடிக்கு ஒரு வெட்டு. முதல் சரணத்துக்குள் உதடு பாட்டைவிட்டு விலகிவிடுகிறது. உடனே நண்பர்கள் தெருவில் ஓடும் மான்டேஜ் காட்சிகளால் அந்த இடத்தை மூடிவிடுகிறார்கள். மான்டேஜ் பாட்டு தன்னளவில் அழகான வகைதான், அதைத் தேர்ந்து செய்ய வேண்டும். ஒருவர் உயிரைக் கொடுத்துப் பாடியிருக்கும்போது, அவர் எந்த நொடியில் மூச்சு எடுக்கிறார் என்பதைக்கூடக் கேட்காமல் படமெடுக்கப் போவது அவரை மதிக்காத செயல் என்றே சொல்வேன். திட்டமிடலுக்கு 20 மதிப்பெண் ஒதுக்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. பாட்டைப் பலமுறை கேட்டு, வரிக்கு எதிரே நொடியை எழுதி, ஒவ்வொரு துண்டுக்கும் கோட்டுப்படம் வரைந்து, அந்தப் படங்களைப் பாட்டின்மேல் அடுக்கி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அனிமேட்டிக் என்று இதற்குப் பெயர். செலவு ஒரு பென்சில். பாட்டு எங்கே தொய்கிறது, எங்கே படம் தேவையே இல்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பாட்டின் சொல்லைப் படம் அப்படியே காட்ட வேண்டியதும் இல்லை. இசை வீடியோக்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின் 1992-ல் எழுதிய நூலில் இதை வகைப்படுத்தியிருக்கிறார்: படம் சொல்லை விளக்கலாம், அதற்கு மேலும் பொருள் சேர்க்கலாம், அதோடு ஒட்டாமல் தனி வழியிலும் போகலாம். ‘யெல்லோ’வின் பாட்டில் நட்சத்திரம் இருக்கிறது, படத்தில் மழைதான் இருக்கிறது.

உறைக்கு வருவோம். அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘பாரஷூட்ஸ்’ ஆல்பத்தின் அட்டையில் இருட்டில் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூகோள உருண்டை. டபிள்யூ.எச்.ஸ்மித் கடையில் பத்து பவுண்டுக்கு வாங்கியது. ஒருமுறை எடுத்துவிட்டுத் தூக்கிப்போடும் கோடாக் கேமராவில் பிடித்த படம். அதே உருண்டை அவர்களின் மற்ற வீடியோக்களிலும் வந்தது, கச்சேரி மேடையிலும் இருந்தது. எங்கே அதைப் பார்த்தாலும் இது அந்தக் குழு என்று புரிந்துவிடும். வீடியோவையும் உறையையும் விளம்பரத்தையும் சேர்த்துச் செய்யச் சொல்வது மாணவர்கள் இப்படி ஒரு பொருளைத் தேடட்டும் என்றுதான். கடைசி இரவில் இணையத்திலிருந்து ஒரு படத்தை இறக்கி, பேரை மேலே ஒட்டிவைத்தால் அது கிடைக்காது.

உறையின் பின்பக்கத்தையும் முதுகையும் அலட்சியம் செய்ய வேண்டாம். அலமாரியில் அடுக்கிவைத்தால் வெளியே தெரிவது அந்த ஒல்லியான முதுகு மட்டுமே. பின்பக்கத்தில் பாட்டு வரிசை, பார்கோடு, உரிமைக் குறிப்பு. உரிமை இரண்டு விதம் என்பதை இங்கேயே கற்றுக்கொள்ளலாம். பாட்டை ஆக்கியவருடையது ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கு உரியவருடையது மற்றொன்று. அருகில் இருக்கும் அறிமுகமாகாத குழு ஒன்றின் பாட்டை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் இரண்டும் அவர்களிடமே இருக்கும், எழுத்தில் அனுமதி வாங்குவது எளிது. உட்பக்கத்தில் பேஸ் கிதார் வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர், அட்டை வரைந்தவர் எல்லார் பெயரும் வரட்டும். கேசட் காலத்தில் உள்ளே மடித்து வைத்த தாளில் இப்படிப் பெயர்களைத் தேடிப் படிப்போம். இன்று கைபேசியில் பாட்டு கேட்கும்போது வயலின் வாசித்தவர் யாரென்று தெரிந்துகொள்ளப் பெரும்பாடாக இருக்கிறது. உழைத்தவர்களின் பெயர் இவ்வளவு சுலபமாக மறைந்துபோவதை நாம் சும்மா விட்டிருக்கக் கூடாது.

கடைசியாக மகளுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை வெட்டி அட்டைப் படமாக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அட்டை சுமார் 12 செ.மீ. சதுரம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் பக்கத்துக்குச் சுமார் 1,420 புள்ளி வேண்டும். முழு எச்டி வீடியோவின் உயரம் 1,080 புள்ளிதான். 4கே-யில் எடுத்தால் புள்ளி போதும், ஆனால் ஓடும் படத்துக்கென்று வைத்த ஷட்டரில் அசையும் கையும் முகமும் கலங்கித்தான் விழும். ஆகவே படப்பிடிப்பு நாளன்றே, அதே உடையில், அதே வெளிச்சத்தில் தனியாகப் புகைப்படம் எடுக்க ஒரு தோழியை அழைத்துச் செல்லவும். டேக்குகளுக்கு நடுவே அவளுக்கென்று கால் மணி நேரத்தை அன்றைய அட்டவணையில் எழுதிவைத்துவிட வேண்டும். எழுதாவிட்டால் அந்த நேரம் கிடைக்காது.