ஈட்டி மரமும் மின்கித்தாரும்

கொங்கு நாட்டின் தென்பால் ஆனைமலை ஓங்கி நிற்கிறது. அம்மலைக் காடுகளில் தேக்கோடு ஈட்டி மரமும் வளர்கிறது. கருமையும் செம்மையும் கலந்த அதன் வைரம் உறுதிக்குப் பெயர் பெற்றது. இந்திய ஈட்டி மேனாட்டு மின்கித்தாரிலும் இடம் பெற்றுள்ளது.

வீணையின் ஒலியைப் பலாமரக் குடம் பெருக்குகிறது. மின்கித்தாருக்கோ குடம் வேண்டுவதில்லை. எஃகுத் தந்திகளின் அடியில் அமைந்த காந்தமும் கம்பிச்சுருளும் அவற்றின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றுகின்றன. ஒலிபெருக்கி அதனை இசையாக வெளியிடுகிறது. ஆதலின் எம்மரமாயினும் போதும் என்று எண்ணுதல் கூடாது. முறுக்கேறிய தந்திகள் கருவியின் கழுத்தை இடைவிடாது இழுக்கின்றன. ஈரம் உலராத மரம் நாளடைவில் வளையும், சுருதி பிறழும். நன்கு உலர்ந்து, நேரிய இழையோட்டம் உடைய மரமே கழுத்துக்கு ஏற்றது.

கழுத்தின்மேல் ஒட்டப்பெறும் விரற்பலகையில் உலோக மெட்டுகள் பதிக்கப்பெறும். விரல்கள் ஓயாது தேய்க்கும் அப்பலகைக்கு ஈட்டி மிகப் பொருத்தமானது. அது கடினமானது, இயற்கையான எண்ணெய்ப் பசை உடையது. ஆதலின் வார்னிஷ் பூசாமலே அதனைப் பயன்படுத்தலாம்.

ஆனால் ஈட்டி மெல்ல வளரும் மரம். இன்று நட்ட கன்றின் முதிர்ந்த வைரத்தை நட்டவரே காண்பது அரிது. அதன் அழிவை அஞ்சி, 2017ஆம் ஆண்டில் ஈட்டிப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தப்பெற்றது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019ஆம் ஆண்டில் விலக்கு அளிக்கப்பெற்றது.

ஒரு விரற்பலகைக்குச் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள சிறு பலகையே போதும். மரத்தின் தரத்தை அறிந்த கைவினைஞர் அதன் அருமையையும் அறிந்து, சிறிதும் வீணாக்காமல் அறுத்தல் வேண்டும். காடு நிலைத்தால்தான் கருவியும் நிலைக்கும்.