இரண்டு மு.ராமசாமி

முத்துசாமியின் மகன் ராமசாமி. அவர் தன் மகனுக்கு அப்பாவின் பெயரையே வைக்கிறார்: முத்துசாமி. அந்த முத்துசாமிக்குப் பிறந்தவன் மறுபடியும் ராமசாமி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கத்தில் இன்ஷியலும் சேர்ந்தே திரும்பி வந்துவிடுகிறது. பட்டாவில் 'மு.ராமசாமி' என்று இருந்தால் அது தாத்தாவா, பேரனா? வம்சாவளி எழுதி வைப்பவருக்கு இது சுவையான புதிர். அதே பட்டாவை வைத்துப் பாகம் பிரிக்கப் போகிறவருக்குத் தலைவலி.

ஒரே ஆளுக்கு இரண்டு வயது, இரண்டு பெயர் என்பது இதன் மறுபக்கம். பழைய பிறப்புப் பதிவேட்டில் பல குழந்தைகளுக்குப் பெயரே இருக்காது. ஆண் அல்லது பெண், பெற்றோர் பெயர், தேதி, அவ்வளவுதான். பள்ளியில் சேர்க்கும்போது தலைக்கு மேல் கையைச் சுற்றி மறுகாதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று தலைமையாசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொண்டார். ஊரில் பாதிப் பேருக்கு ஜூன் மாதப் பிறந்தநாள் வந்தது இப்படித்தான். பெண்களுக்குக் கல்யாணத்தோடு இன்ஷியலும் மாறிவிடுகிறது.

எதை நம்புவது? ஆவணத்தில் உள்ள தகவலை யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று பார்க்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியை, அது எதன் அடிப்படையில் எழுதப்பட்டது என்று தெரியாமல் அப்படியே ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் சொன்னது. ஆதார் அட்டை பிறந்த தேதிக்குச் சான்றல்ல என்பதை 2024-இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது.

இரண்டு ராமசாமிகளைப் பிரிக்க இறப்புச் சான்றிதழே முதல் கருவி. தாத்தா 1971-இல் இறந்திருந்தால் 1985-ஆம் வருடக் கிரயம் அவருடையதாக இருக்க முடியாது. அடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் பத்திர நகலும் வாங்கலாம். பத்திரத்தில் 'முத்துசாமி குமாரர்' என்ற வரி இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும், ஆனால் நான்கெல்லையில் பக்கத்து நிலக்காரர் பெயர்கள் இருக்கும். எந்தத் தலைமுறை என்பதை அந்தப் பெயர்களே காட்டிக்கொடுக்கும். பட்டாவை மட்டும் நம்பி உட்காரக் கூடாது, 1980களில் யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர் மாறிப்போன நிலங்கள் ஏராளம்.

பிழை தெரிந்ததும் பேனாவால் திருத்துவதும், 'நான் பார்த்துக்கறேன் சார்' என்கிற புரோக்கரிடம் மூலப் பத்திரத்தைக் கொடுப்பதும் ஆபத்து. சட்டப்படி பிறப்பு, இறப்புப் பதிவைத் திருத்தும் பதிவாளரே பழைய பதிவை அழிப்பதில்லை. ஓரத்தில் திருத்தத்தை எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். அடித்துத் திருத்திய காகிதம் மோசடி வழக்காகத் திரும்பி வரலாம்.

பெயர்க் குழப்பத்தைச் சாக்காக வைத்துக் கட்டிக்கொடுத்த பெண்ணையோ மூத்த தாரத்துப் பிள்ளைகளையோ வாரிசுப் பட்டியலிலிருந்து விட்டுவிடுவதும் நடக்கிறது. அதனால் அவர்கள் உரிமை போய்விடாது. வாரிசுச் சான்றிதழ் சொத்துக்கு உரிமை தரும் ஆவணம் அல்ல. விடுபட்டவர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். சொத்தில் பங்கு யாருக்கு என்பதே தகராறு என்றால் சிவில் நீதிமன்றம்தான் வழி. பட்டா மாறுதல் உத்தரவில் குறை இருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலர். கோப்பு நகல் தர இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.