வலக் கீழறையின் சுமை
இதயத்தின் இரு கீழறைகளும் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவு இரத்தத்தையே வெளியேற்றுகின்றன. எதிர்கொள்ளும் அழுத்தம்தான் வேறு. சுருங்கும்போது இடக் கீழறையில் அழுத்தம் ஏறத்தாழ 120 மி.மீ. பாதரசம், வலக் கீழறையிலோ 25 மட்டுமே. அதற்கேற்ப வலக் கீழறையின் சுவரும் மெல்லியது.

ஆண்டுக்கணக்கில் புகைபிடித்தவர், விறகடுப்புப் புகையிலேயே சமைத்தவர் ஆகியோரின் நுரையீரலை எண்ணிப் பாருங்கள். காற்று நுண்ணறைகளில் ஆக்சிஜன் குறைந்தால் அங்குள்ள சிறு தமனிகள் சுருங்கும். பழுதுற்ற பகுதியைத் தவிர்த்து நல்ல பகுதிக்கு இரத்தத்தைத் திருப்பும் அருமையான ஏற்பாடு இது. நுரையீரல் பெரும்பாலும் பழுதுற்றுவிட்டால் திருப்புவதற்கு இடமேது? நுரையீரல் தமனியில் அழுத்தம் உயர்கிறது.

அதனை எதிர்த்து உந்த, வலக் கீழறையின் தசை தடிக்கிறது. தடித்த தசைக்கு ஆக்சிஜன் மிகுதியாக வேண்டும், கிடைப்பதோ குறைவு. நாளடைவில் அறை விரிந்து வலுவிழக்கிறது. முன்னோக்கிச் செல்லாத இரத்தம் சிரைகளில் தேங்குகிறது. கழுத்துச் சிரை புடைக்கும், கல்லீரல் பெருக்கும், கணுக்காலில் நீர் கோத்து, விரலால் அழுத்தினால் குழி விழும். முதுமையின் இயல்பென்று இவ்வீக்கத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மருத்துவரோ காலைப் பார்த்ததும் கழுத்தைப் பார்க்கிறார். பின்பு மார்பில் ஒலிமானியை வைக்கிறார்.